இறங்கிய நேரம்

இன்று சென்னை விமானம் வந்திறங்கும் பலாலியில், 1944இல் பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்ரன் இருந்தது. அவர்களுடைய ஏடுகளில் பலாலியின் பெயர் காங்கேசன்துறை. நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் வங்கக் கடலைக் கடந்து சுமாத்ரா வரை போய்ப் படம் எடுத்துத் திரும்பின.

நான் மெச்சுவது அந்த ஏடுகளை. இலண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் 'ஏ.ஐ.ஆர். 27' என்ற வரிசையில் இருக்கின்றன. படிவம் 540 நாட்குறிப்பு. எனக்குப் பிடித்தது 541: விமான எண், போனவர்களின் பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம். எழுதிய கிளாக்கருக்கு அலங்காரத்தில் நாட்டமில்லை, நல்லதாய்ப் போயிற்று. இங்கிலாந்து வானில் சண்டையிட்ட போலந்து விமானிகளின் 303ஆம் ஸ்குவாட்ரனுக்கும் இதே வரிசைதான். போலந்து விமானியோ பலாலி விமானியோ, ஒருவரின் சாவைத் தேடுபவர் முதலில் பார்ப்பது இறங்கிய நேரத்தை. குடும்பத்தில் 'சுட்டு வீழ்த்தினார்கள்' என்ற கதை இருக்கலாம். படிவம் 'திரும்பவில்லை' என்பதோடு நிறுத்திவிடும். நான் படிவத்தின் பக்கம். அதுவும் பிறர் சொல்லக் கேட்டு எழுதியதுதான் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை.

பலாலியிலிருந்து போய்க் கடலில் விழுந்து உடல் கிடைக்காதவர்களை அடுத்துத் தேட வேண்டிய இடம் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னம். அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.