இருட்டில் எடுத்த முகங்கள்: பார்வையாளர் குறித்துச் சில குறிப்புகள்

'பார்வையாளர்' என்ற சொல்லை நாம் ரொம்பச் சுலபமாகப் புழங்குகிறோம். சினிமா பற்றிய கோட்பாட்டுக் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் ஒரு பார்வையாளர் உட்கார்ந்திருப்பார். தனியாக, அசையாமல், திரையின் வசியத்தில். அவருக்கு முகம் கிடையாது, பக்கத்து இருக்கைக்காரர் கிடையாது. தூக்கம் வராது. முறுக்குத் தின்னமாட்டார். லாரா மல்வி 1975-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும், அரங்கின் இருட்டு பார்வையாளர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துவிடுகிறது என்றொரு வாதம் வருகிறது. ஆண் பார்வை குறித்து மல்வி சொன்னதைத் தள்ளிவிட முடியாது; அது வேறு விஷயம். ஆனால் இருட்டு பிரிக்கிறது என்பதை யார் போய்ப் பார்த்தது?

பார்த்த ஆள் ஒருவர் உண்டு. வீஜீ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஆர்தர் ஃபெலிக் (1899-1968). கொலை, தீ விபத்து, கைது என்று நியூயார்க் நகரத்து ராத்திரிகளைப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு விற்றுப் பிழைத்தவர். 1940-களில் இவர் சினிமாக் கொட்டகைகளுக்குள் கேமராவைத் திரைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். சாதாரண ஃப்ளாஷ் அடித்தால் அத்தனை தலையும் திரும்பிவிடும். வீஜீ பயன்படுத்தியது அகச்சிவப்புக் கதிருக்கு இசையும் ஃபிலிம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைத்து அகச்சிவப்பை மட்டும் வெளியே விடும் ஃப்ளாஷ். விளக்கு அடித்தது, படமும் பதிந்தது, உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. இந்த ஃபிலிமில் தோல் மெழுகு மாதிரி வெளுத்துத் தெரியும், உதட்டுச் சாயம் மங்கிப்போகும். அலங்காரம் கழன்ற முகங்கள்.

அந்தப் படங்களில் என்ன இருக்கிறது? வாயைப் பிளந்தபடி ஒரு பெண். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கும் பிள்ளைகள். முத்தமிடும் ஜோடிகள், அதில் ஒரு ஜோடி முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. திரையில் ஓடியது என்ன படம் என்று நமக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இருட்டு இவர்களைப் பிரிக்கவில்லை. சிலரை நன்றாகவே சேர்த்துவைத்திருக்கிறது. வாடகை அறையில் ஆறு பேரோடு படுக்கிற ஏழை நகரவாசிக்குத் தனிமை என்பது டிக்கெட் வாங்கினால் கிடைத்த இருட்டுதான். ரோலான் பார்த் இதைப் புரிந்துகொண்டவர். தியேட்டரைவிட்டு வெளியே வருவது பற்றி, மல்வியின் கட்டுரை வந்த அதே 1975-இல், அவர் எழுதிய சிறு கட்டுரையில் திரைக்கு நிகராக இருட்டுக்கும் அங்கே தளர்ந்து கிடக்கும் உடம்புக்கும் இடம் இருக்கிறது.

இனி இன்னொரு படம். 1952 நவம்பர் 26 அன்று ஹாலிவுட் பாரமவுண்ட் தியேட்டரில் 'புவானா டெவில்' என்ற முப்பரிமாண வண்ணப் படத்தின் முதல் காட்சி. லைஃப் பத்திரிகைக்காக ஜே.ஆர். ஐயர்மன் மேலேயிருந்து எடுத்தார். வரிசை வரிசையாகக் கோட்டு சூட்டு, எல்லோர் மூக்கிலும் ஒரே அட்டைக் கண்ணாடி. கய் தெபோரின் 'காட்சிச் சமூகம்' நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு, 1983-இல், டெட்ராய்ட் பதிப்பாளர்கள் அந்த இரவின் படமொன்றை அட்டையில் போட, அது நுகர்வுச் சமூகத்தின் மந்தைக்கே சின்னமாகிவிட்டது. தாமஸ் லெவின் சுட்டிக்காட்டிய ஒரு விவரம் இங்கே முக்கியம். ஐயர்மன் அன்று எடுத்தது ஒரே படம் அல்ல. புத்தக அட்டைக்குப் போன படத்தில் முகங்கள் இறுகிக் கிடக்கின்றன. லைஃப் தேர்ந்தெடுத்த படத்திலோ ஆட்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரித்தவர்களை விட்டுவிட்டு, இறுகிய முகங்களை மட்டும் அட்டையில் பார்த்து, மரத்துப்போன ஜனங்கள் என்று ஒரு தலைமுறை வாசித்தது!

மேலேயிருந்து எடுத்தால் மந்தை, பக்கத்திலிருந்து எடுத்தால் ஆட்கள். கேமரா நின்ற உயரத்தையே கோட்பாடு தன் முடிவாக எடுத்துக்கொண்டது என்று சொன்னால் தெபோர் அன்பர்கள் கோபிக்கலாம். கோபிக்கட்டும். (அந்த அட்டை பதிப்பாளர்களின் தேர்வு, தெபோருடையதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.)

அதற்காக வீஜீயைக் கொண்டாடிவிட்டுப் போய்விடவும் முடியாது. மல்வி சொன்ன ஒளிந்து பார்க்கும் இன்பம் இங்கே ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வந்தவர்களை ஒருவர் ஒளிந்து பார்க்கிறார். அவர் தோள்வழியாக நாமும் பார்க்கிறோம். அந்த முகங்கள் அவ்வளவு நிஜமாக இருப்பதற்குக் காரணம் அவர்களைக் கேட்காததுதான். கேட்டிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கேட்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'ஷிரின்' (2008) இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நடிகைகளின் முகங்கள். குஸ்ரூ-ஷிரின் காதல் கதையைத் திரையில் பார்த்துக் கலங்குகிறார்கள். கதை நமக்குக் காதில் மட்டுமே விழுகிறது. உண்மையில் அவர்கள் எதையும் பார்க்கவில்லை. இயக்குநர் வீட்டில் உட்கார்ந்து, தங்கள் சொந்தக் காதலை நினைத்துக்கொண்டார்கள். ஒலி பிறகு சேர்ந்தது. மகத்தான படம், சந்தேகமில்லை. ஆனால் சம்மதம் கிடைத்ததும் பார்வையாளர் போய்விட்டார், நடிகை வந்துவிட்டார். ஹிரோஷி சுகிமோட்டோ 1970-களிலிருந்து எடுத்துவரும் தியேட்டர் படங்கள் வேறு திசையில் போகின்றன. முழுப் படமும் ஓடி முடிகிறவரை லென்ஸ் திறந்தே கிடக்கும். திரை வெறும் வெள்ளையாகும், நாற்காலிகளும் சுவர்ச் சிற்பங்களும் துலங்கும், மனிதர்கள் இருந்தாலும் அவர்கள் அசைவில் கரைந்துபோவார்கள். யாரையும் திருடாத படம். யாருமே இல்லாத படமும்கூட.

இதெல்லாம் கலைக்காரர்கள் பிரச்சினை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் வீஜீ ஒளித்துக்கொண்டு போன கண் இப்போது தியேட்டர் சுவரிலேயே நிரந்தரமாக மாட்டியிருக்கிறது. 'கண்காணிப்பு, அதிகாரம், ஃபூக்கோ' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். எடப்பாள் குறுக்கே வருகிறது. 2018 ஏப்ரலில் கேரளத்தின் எடப்பாளில் ஒரு தியேட்டருக்குள் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை சுவர்க் கேமராவில் பதிவானது. தியேட்டர் தரப்பு அதைக் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான சைல்ட்லைனிடம் கொடுத்தது. போலீசுக்குப் புகார் போயும் ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் ஆள் கைதானார். ஜூனில் தியேட்டர் உரிமையாளரையும் போலீஸ் கைது செய்தது. எதிர்ப்புக் கிளம்பி அவர் மேலிருந்த வழக்கு விலகியது.

அந்தக் குழந்தைக்கு அந்த இருட்டு அடைக்கலமாக இருக்கவில்லை. கேமரா இருந்தது நல்லதாகப் போயிற்று. அதே கேமராதான் ஆறாவது வரிசையில் கைகோத்து உட்கார்ந்திருக்கும் ஜோடியையும் பதிவு செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பதிவு யார் மேசைக்குப் போகிறது, எத்தனை நாள் இருக்கிறது, யார் அழிக்கிறார்கள் என்று டிக்கெட் வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. நாம் வாதாட வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. எடுக்கலாமா கூடாதா என்பதோடு நின்றுவிட்டால் பேச்சு ஓடாது. எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

வீஜீயின் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடியில் படமெடுத்தவர் பெயர், ஏறத்தாழ ஒரு வருஷம். உள்ளே இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை. 'பாலஸ் தியேட்டரில் காதலர்கள்' என்று போட்டிருக்கிறார்கள்.