கதையும் கூற்றும்: அச்செபே காத்த இக்போ வழக்கு

ஒரு மக்களின் வாய்மொழிச் செல்வத்தைக் காத்தல் என்னும் தொழில் ஒருவகைப்பட்டதன்று. கேட்ட கதையைக் கேட்டவாறே எழுத்தில் இறக்கி வைப்பார் உளர். அக்கதையைத் தம் நூலுக்கு ஓர் உறுப்பாக்கி உலவ விடுவாரும் உளர். முன்னவரைத் தொகுப்பாளர் என்றும் பின்னவரைப் படைப்பாளர் என்றும் பிரித்துக் காத்த பெருமையை முன்னவர்க்கே உரிமையாக்குதல் பலர் வழக்கம். நைசீரிய நாட்டின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களின் கதைவழக்கைப் பொறுத்தமட்டில் இப்பிரிப்புப் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. சினுவா அச்செபேயின் (1930–2013) வாழ்வையும் நூல்களையும் முன்வைத்து அதனை ஈண்டு ஆராய்வோம்.

தொகுப்பாளர் பணியை முதற்கண் நோக்குதல் முறை. ஆங்கில அரசின் மானிடவியலாளராக வந்த நார்த்கோட் தாமசு, இக்போ ஊர்களில் தங்கி, மெழுகு உருளைகளில் குரல்களைப் பதிந்தார். 1913, 1914 ஆம் ஆண்டுகளில் ஆறு பகுதிகளாக வெளிவந்த அவர்தம் அறிக்கையில் பழமொழிகளும் கதைகளும் இடம்பெற்றன. அரசு நடத்துவார்க்கு உதவவே அப்பணி தொடங்கப்பெற்றது. இக்போ மக்களுள் ஒருவரே தம் மொழியிலேயே இப்பணியை மேற்கொண்ட வரலாறு சிடோசி ஒக்பாலுவால் சிறந்தது. அவர் 1949 இல் இக்போ மொழி பண்பாட்டு வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார், பழமொழிகளைத் தொகுத்தார், கதைகளையும் பாடநூல்களையும் எழுதி வெளியிட்டார். அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு பெரிது. கதையை எழுதுமுன் அதனை எவ்வெழுத்தில் எழுதுவது என்பதையே முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1929 முதல் மூண்ட எழுத்துப்பூசல் 1961 இல் ஒன்வு குழுவின் முடிவால்தான் ஒருவாறு தணிந்தது. முப்பதாண்டுக்கு மேல் ஒரு மொழியின் அறிஞர் தம் ஆற்றலை எழுத்து வடிவத்துக்கே செலவிட நேர்ந்ததை எண்ணுங்கால் அவர் தொகுத்தது குறைவு எனக் குறைகூற எவர்க்கும் மனம் வாராது.

இனி அச்செபே. ஒகிடி என்னும் ஊரில் கிறித்துவ சமயப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். வீட்டில் விவிலியமும் துதிப்பாட்டும் ஒலித்தன; அவ்வீட்டிலேயே தாயும் தமக்கையும் ஆமைக்கதை கூறினர். இபதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயிலச் சென்றவர், விரைவில் அதனை விடுத்து இலக்கியத்தின் பக்கம் திரும்பினார். 1958 இல் வெளிவந்து, தமிழில் ‘சிதைவுகள்’ என்னும் பெயர் பெற்றுள்ள முதல் நாவல் அவர் புகழுக்கு அடித்தளம். அந்நாவலை ஒரு பண்பாட்டின் வீழ்ச்சிக் கதையாகப் படிப்பவர் மிகப் பலர். அதனைக் கதைகூறும் வழக்கின் ஆவணமாகப் படிப்பவர் சிலரே.

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவற்றைச் செய்யுளுறுப்புகளாக எண்ணியமை நாம் அறிந்தது. ஒரு சொல் யார் கூற்று, யார் கேட்க, எவ்விடத்து, எப்பொழுது என்பன பொருளுக்குப் புறம்பானவை அல்ல, பொருளின் பகுதிகளே. வாய்மொழிக் கதைக்கு இவ்வளவை மிகவும் பொருந்தும். தொகைநூலில் ஏறிய கதை பெரும்பாலும் இந்நான்கனையும் இழந்தே ஏறுகிறது. அச்செபே காத்தது கதைகளை என்பதினும், கதையின் இந்நான்கு உறுப்புகளை என்பதே பொருந்தும் என்பது எம் கருத்து.

சான்று காட்டுவோம். முதல் நாவலின் பதினோராம் இயலில், நிலவில்லா இரவொன்றில், எக்வெஃபி தன் மகள் எசின்மாவுக்கு ஆமையும் பறவைகளும் விருந்துக்கு வானேறிய கதையைக் கூறுகிறாள். ஆமையின் ஓடு வெடிப்புற்றமைக்குக் காரணம் கூறும் கதை அது. இக்கதையைத் திறனாய்வாளர் பலரும் எடுத்தாள்வர். ஆமையை ஒகொங்குவோவாகவும், வெள்ளையராகவும், வேறு பலவாகவும் காண்பர். கதை முடிந்த பின் நிகழ்வதை அவர்கள் பொதுவாக நோக்குவதில்லை. இக்கதையில் பாட்டு இல்லையே எனச் சிறுமி குறை கூறுகிறாள். பாட்டுள்ள வேறு கதையைப் பிறகு நினைந்து சொல்வதாகத் தாய் கூறி, இப்பொழுது உன் முறை என்கிறாள். சிறுமி தொடங்குகிறாள், தொடக்கத்தைத் தவறவிட்டுத் திருத்துகிறாள், அதற்குள் தெய்வமேறிய சியெலோவின் குரல் இருளைக் கிழிக்கிறது. இச்சிறு பகுதி எத்துணை செய்திகளைத் தருகிறது! கதைக்குள் பாட்டு எதிர்பார்க்கப்படும். கேட்போர் குறைகாணும் உரிமையுடையர். கூறுவோரும் கேட்போரும் முறைமாறுவர். பிள்ளை தவறித் தவறியே கதைகூறக் கற்கும். களப்பணியாளர் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டிய அனைத்தும் ஈண்டு உள. அச்செபே அவற்றை விளக்கவில்லை, நிகழவிட்டார்.

ஏழாம் இயலும் இத்தகையதே. ஒகொங்குவோ தன் குடிலில் போரும் குருதியும் நிறைந்த கதைகளைக் கூறுகிறான். மகன் நுவோயேயின் உள்ளமோ, வானும் நிலமும் பிணங்கிய கதை முதலாகத் தாய் கூறியவற்றையே நாடுகிறது. ஆயினும் தந்தைக்கு அஞ்சி அவற்றை வெறுப்பவன்போல் நடிக்கிறான். ஆடவர் கூற்று, மகளிர் கூற்று என்னும் பகுப்பு இங்கே ஒரு குடும்பத்தின் பிளவுக்கே காரணமாகிறது. பின்னாளில் அவன் கிறித்துவர் பாட்டின்பால் ஈர்க்கப்படுவதைச் சமயமாற்றமாக மட்டும் கொள்வார் இதனை மறந்தவரே. தாயின் கதைக்கு வீட்டில் இடம் கிடைக்காத செவி, வேறிடத்து இனிய ஒலியைத் தேடிற்று.

அதே இயலில் இகெமெஃபுனா கொலைக்களத்துக்கு நடக்கும் வழியில் தன் உள்ளத்துள் பாடும் சிறுவர் பாட்டு இக்போ மொழியிலேயே அச்சாகியுள்ளது, மொழிபெயர்ப்பு இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய அச்செபேயின் எல்லை இதுவே என்க. பழமொழியின் பொருளை ஆங்கிலம் ஒருவாறு தாங்கும். பாட்டின் ஓசையைத் தாங்காது. தாங்காத இடத்துத் தாங்குவதாக நடியாது விட்டமை அவர் நேர்மை. ஆயினும் இக்போ அறியாதார்க்கு அப்பாட்டு வெற்றொலியாகவே நிற்கிறது. தாய்மொழியில் எழுதிய ஒக்பாலுவுக்கு இவ்விடர் இல்லை.

கூற்றின் இன்றியமையாமையை அச்செபேயின் நூல்களே எதிர்மறையாலும் காட்டுகின்றன. 1964 இல் வந்த ‘கடவுளின் அம்பு’ நாவலில், இரு மனைவியர் கொண்ட ஒருவனின் கதையை உகோயே தன் மக்களுக்குக் கூறுகிறாள். ஒருத்தியின் மகன் குழலை வயலில் மறந்து, ஆவிகள் உலவும் வேளையில் மீளச் செல்கிறான். பணிவால் பரிசு பெறுகிறான். மற்றவளின் பேராசை அழிவைத் தருகிறது. கூறும் உகோயேயோ எசெயுலுவின் இளைய மனைவி. மூத்தவளாகிய மாதெஃபியின் மனக்கசப்பு அதே வளாகத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. கேட்கும் பிள்ளைகளுக்கு அது பழங்கதை. கூறுபவளுக்கு அது பக்கத்துக் குடில். 1977 இல் அதே கதை ‘குழல்’ என்னும் சிறுவர் நூலாயிற்று. இனிய நூலே. ஆனால் உகோயே இல்லை. அவளோடு கதையின் கூர்மையும் போயிற்று. எஞ்சியது நன்னடத்தைப் பாடம்.

சிறுத்தைக் கதை வேறொரு வினாவை எழுப்புகிறது. 1967 இல், நைசீரிய உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அச்செபேயும் கவிஞர் கிறித்தோபர் ஒகிக்போவும் எனுகு நகரில் ஒரு பதிப்பகம் நிறுவினர். நாய் மனிதனை அடைந்த வரலாறு கூறும் மரபுக்கதை ஒன்றை இரோகனாச்சி என்பார் அனுப்பினார். அச்செபே அதனைச் சிறுத்தையின் கதையாகத் திருப்பினார். ஒகிக்போ அவ்வாண்டே போரில் மாண்டார், எனுகு வீழ்ந்தது. போர் முடிந்தபின் 1972 இல் ‘சிறுத்தைக்கு நகம் வந்த கதை’ அச்சேறியது. அன்புடைய அரசனாகிய சிறுத்தையை நாய் பற்களால் விரட்டுகிறது. குடிகள் வலியதன் பக்கம் சாய்கின்றனர். கொல்லனிடம் பல்லும் நகமும், இடியிடம் முழக்கமும் பெற்றுச் சிறுத்தை மீள்கிறது. மீண்டபின் அது பழைய அரசன் அன்று, அச்சுறுத்தி ஆள்கிறது. துரத்தப்பட்ட இக்போ மக்களே சிறுத்தை என்பார் கூற்று பாதி உண்மை. தம் மக்களின் சார்பாகவே எழுதிய ஒருவர் மீண்டுவரும் சிறுத்தையை இவ்வளவு கொடிதாக்கியிருக்க வேண்டுவதில்லை.

தொகுப்பாளர் நோக்கில் இது திரிபு. வாய்மொழி வழக்கின் நோக்கிலோ, காலம் மாறக் கதை மாறுதல் இயல்பு. இரண்டும் உண்மையே. ஆனால் அந்நூலை மட்டும் கொண்டு எது வழிவந்தது, எது புதிது எனப் பிரித்தறிய இயலாது. இங்குத்தான் தொகைநூலின் தேவை புலப்படுகிறது. அச்செபேயைப் புகழ்வதற்காக ஒக்பாலுவைச் சிறுமைப்படுத்துவார் அச்செபேயையே அளக்கும் கோலை முறிக்கின்றனர்.

ஒரு செய்தியில் அச்செபே தொகுப்பாளர் பலரினும் கடுமையானவர். 1999 இல் ஒவெரி நகரில் இக்போ மொழியில் ஆற்றிய பேருரையில், 1913 இல் வந்த விவிலிய மொழிபெயர்ப்புக்காக டென்னிசு பாதிரியார் பல வட்டார வழக்குகளைக் கலந்து சமைத்த மொழியை அவர் வன்மையாகச் சாடினார். எவரும் பேசாத மொழியில் எவரும் கதை கூறார் என்பது அவர் நிலை. பொதுமொழியின்றிப் பள்ளியும் அச்சும் இயங்கா என்பது மொழியறிஞர் விடை. அவ்விடையை எளிதில் தள்ள இயலாது. எனினும் கூற்றைப் பொருளின் பகுதியாகக் கொண்ட ஒருவர், கூறுவோரின் ஊரை அழிக்கும் மொழியை ஏலாமை அவர் கொள்கையோடு முரண்படவில்லை.

1987 இல் வந்த ‘சவானாவின் புற்றுகள்’ நாவலில் கதை தாயின் குடிலை விட்டு வெளியேறுகிறது. வறண்ட நிலத்திலிருந்து தலைநகர்க்கு முறையிட வந்த முதியவர் ஒருவர், விடுதி ஒன்றில், ஆமை சிறுத்தையிடம் சிக்கிய கதையைக் கூறுகிறார். சாகுமுன் ஆமை வேண்டியது சிறிது நேரம். அந்நேரத்தில் அது மண்ணை வெறியுடன் கீறி வாரி இறைத்தது, அவ்விடத்தில் ஒரு போர் நிகழ்ந்ததெனக் காண்போர் எண்ண வேண்டும் என்று. முதியவரும் உடன்வந்தோரும் பின்னர்ச் சிறைப்படுகின்றனர். கேட்டிருந்த இதழாசிரியன் இக்கெம் அதே ஆமைக்கதையைப் பல்கலைக்கழக மாணவர்முன் ஆங்கிலத்தில் மீளக் கூறுகிறான்.