ஏட்டறிவும் கேள்வியறிவும்: மாதோட்ட மரபை முன்வைத்து ஒரு நோக்கு

பல்கலைக்கழகக் கல்வி மக்களைச் சென்றடைய வேண்டும் என்னும் கூற்றை இன்று மறுப்பார் இலர். எழுத்தறிவு இயக்கம், நடமாடும் நூலகம், கிராமியக் கலைவிழா, வாய்மொழி வரலாற்றுச் சேகரிப்பு எனப் பல பெயர்களில் அப்பணி நடைபெற்று வருகின்றது. ஆயின் இம்முயற்சிகளிற் பலவற்றின் அடியில் ஓர் எடுகோள் மறைந்து கிடக்கின்றது. அறிவு ஓரிடத்தில் உண்டு, பிறிதோரிடத்தில் இல்லை. உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அதனைக் கொண்டுசெல்வதே பணி என்பதே அவ்வெடுகோள். பிரேசில் நாட்டுக் கல்வியியலாளர் பாவுலோ பிரெய்ரே, வங்கியிற் பணம் இடுவதுபோல மாணவர் மனத்தில் அறிவை இட்டு நிரப்பும் கல்விமுறையைக் கண்டித்தமை பலரும் அறிந்ததே. அவரை மேற்கோள் காட்டுவோரும் நடைமுறையில் அம்முறைக்கே திரும்பிவிடுகின்றனர். முருங்கனையும் அதனைச் சூழ்ந்த மாதோட்ட ஊர்களையும் முன்வைத்து இவ்வெடுகோளைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

மன்னாரையும் மதவாச்சியையும் இணைக்கும் வீதியில், கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் பெருநிலப்பரப்பில் அமைந்தது முருங்கன். பாடசாலைக் கல்வி பரவலாவதற்கு முன்னர் இப்பகுதி மக்கள் எழுத்தோடு எவ்விதத் தொடர்புமின்றி வாழ்ந்தனர் எனக் கொள்வது தவறாகும். கத்தோலிக்க ஊர்களில் தவக்காலந்தோறும் வியாகுலப் பிரசங்கம் உரத்து வாசிக்கப்பட்டது. 1705இல் இலங்கைக்கு வந்த கோவைக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் இயற்றிய அவ்வுரைநடை நூலை, ஓர் எழுத்தும் அறியாதாரும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு மனத்திற் பதித்துக்கொண்டனர். சைவ மரபில் இதே பணியைப் புராணபடனம் செய்தது. ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊர் கேட்டது. தமிழ் முஸ்லிம்களிடையே சீறாப்புராணம் இவ்வாறே ஓதப்பட்டது.

இம்மூன்றிலும் பொதுவாயமைந்த பண்பு ஒன்றுண்டு. வாசிப்பு தனிமனிதன் மௌனமாகச் செய்யும் செயலாக இருக்கவில்லை. ஊர் கூடிச் செய்யும் செயலாக இருந்தது. எழுத்தறிந்தவர் சிலரேயாயினும் எழுத்தின் பயனைப் பெற்றவர் பலர். எழுத்தறிவைத் தனியாள் கணக்கில் அளவிடும் குடிசன மதிப்பு இத்தகைய அறிவைக் காணாது விடுவது இயல்பே. அதன் நோக்கம் வேறு. ஆனால் இலக்கிய மாணவரும் காணாது விடுவாராயின் அது பொறுக்கத்தக்கதன்று.

கூத்து இம்மரபின் உச்சநிலை எனலாம். பகலில் வயலில் நின்றவர், இரவில் அண்ணாவியாரின் முன் நின்று நூற்றுக்கணக்கான பாடல்களை மனனஞ் செய்தார். கொப்பி ஒன்றே, அதனைப் பார்த்து ஒருவர் சொல்லிக்கொடுக்கப் பலர் கற்றனர். விருத்தமும் தருவும் வேறுபடுமாற்றை அவர்கள் யாப்பு நூலிற் கற்கவில்லை. செவியாலும் காலாலும் கற்றனர்.

2

இம்மரபைக் கல்வியுலகம் எவ்வாறு எதிர்கொண்டது? இவ்வினாவுக்கு விடை காண முற்படுவோர் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1956இல் சரச்சந்திராவின் ‘மனமே’ சிங்கள நாடகவுலகில் ஏற்படுத்திய விழிப்பும், அவ்வாண்டின் அரசியல் மாற்றங்களும், தமிழரது நாடக மரபு யாது என்ற வினாவைக் கூர்மையாக எழுப்பின. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகப் பணிபுரிந்த அவர், அண்ணாவிமாரை நேரிற் சந்தித்தார். கூத்துகளைப் போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் கொண்டுவந்தார். பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். மன்னாரைப் பொறுத்தவரை, கையெழுத்துப் பிரதிகளாக வழங்கிவந்த ‘என்றீக் எம்பரதோர் நாடகம்’ (1964), ‘மூவிராசர் நாடகம்’ (1966), ‘ஞானசவுந்தரி நாடகம்’ (1967) ஆகியன அவரது பதிப்புகளாக வெளிவந்தன.

இப்பணியின் பெருமையைக் குறைத்து மதிப்பிடல் தகாது. படித்தோர் நாட்டுக்கூத்தை நாகரிகமற்றதெனத் தள்ளிவைத்த காலம் அது. மேலும், 1990இன் பின் மன்னார்ப் பெருநிலப்பரப்பு மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை அவ்வாண்டு துண்டிக்கப்பட்டு 2015இலேயே முழுமையாக மீண்டது. உயிரைக் கையிற் பிடித்து ஓடுவோர் கூத்துக் கொப்பியையும் எடுத்துச் செல்வர் என எதிர்பார்த்தல் இயலாது. அச்சேறியவை தப்பின என்பதொன்றே அப்பதிப்புகளின் நியாயத்தை நிலைநாட்டப் போதுமானது.

3

ஆயினும், நன்றியுணர்வு விமரிசனத்தைத் தடுத்தலாகாது. முதலாவதாக, பேராதனை மேடையில் ஆடப்பட்ட கூத்துகள் முதன்மையாக மட்டக்களப்பு மரபைச் சார்ந்தவை. மட்டக்களப்புக் கூத்து பல்கலைக்கழகத்துள் ஆட்டமாக நுழைந்தது. மாதோட்டக் கூத்தோ நூலாக நுழைந்தது. இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. கூத்துப் பனுவல் இன்ன இடத்தில் விருத்தம், இன்ன இடத்தில் தரு எனக் கூறும். அதன் மெட்டை அண்ணாவியாரே அறிவார். வடபாங்கு, தென்பாங்கு என்னும் பாகுபாடு செவிக்குரியது. அச்செழுத்து அதனைப் பெயரளவிலேயே காட்ட வல்லது. அண்ணாவியார் மறைந்தபின் நூல் எஞ்சும், ஆனால் ஊமையாகிவிடும்.

இரண்டாவதாக, பாதை ஒருவழிப் பாதையாகவே அமைந்தது. கிராமத்திலிருந்து கொப்பி நகரத்துக்கு வந்தது, நூலாகி நூலகத்துட் சென்றது, ஆய்வாளரின் அடிக்குறிப்பாயிற்று. கொப்பி தந்த ஊரின் பாடசாலையில் அந்நூல் பாடமாகவில்லை. தன் பாட்டன் ஆடிய நாடகத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கும் வாய்ப்பு அவ்வூர்ப் பிள்ளைக்குக் கிட்டவில்லை. எழுத்தறிவும் மனிதப் பண்பியற் கல்வியும் ஒன்றையொன்று சந்தித்திருக்க வேண்டிய இடம் அதுவே, அவை சந்திக்கவில்லை.

மூன்றாவதாக, ‘மக்கள்’ என்னும் சொல்லால் யாரைக் குறித்தோம் என்ற வினா எழுகின்றது. கூத்து ஆடவர் அரங்காகவே இருந்தது. பெண் பாத்திரத்தையும் ஆடவரே ஏற்றனர். பெண்களின் ஒப்பாரியும் தாலாட்டும் அருவிவெட்டுப் பாட்டும் நாட்டார் பாடல் என்ற தனிப்பெட்டியுள் வைக்கப்பட்டன. அவற்றைப் பாடியோரது அறிவு, அண்ணாவியாரின் அறிவைப்போல் மதிக்கப்படவில்லை. மன்னார் மரபு என்றவுடன் கத்தோலிக்க மரபை மட்டுமே எண்ணும் வழக்கமும் வேரூன்றிவிட்டது. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரின் வாசிப்பு மரபுகளுள் ஒன்றும் அவர்களோடு வெளியேற்றப்பட்டது. அவ்விழப்பைத் தமிழியல் தன் இழப்பாக எண்ணியதுண்டா? இவ்வினாவை எழுப்பாது மக்கள் கலையைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

4

மாற்றுவழி இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், பாட்டையும் வீதி நாடகத்தையும் முன்னிறுத்தியே ஊர்களுட் சென்றது. கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் எழுத்துடன் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். அகரமும் சைக்கிளும் ஒரே விடுதலையின் இரு பகுதிகளாயின. எனினும் அவ்வியக்கத்திலும் கலை, பாடத்துக்கு ஆள் சேர்க்கும் கருவியாகவே பெரிதும் பயன்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஊரின் கலையே பாடமாகலாம் என்ற நிலை அதற்கும் அடுத்த படியாகும்.

ஈழத்தில் அப்படியை நோக்கி நகர்ந்தோர் உளர். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’, மக்கள் தம் துயரைத் தாமே காணும் அரங்காயிற்று. முருங்கனிலேயே, குழந்தை என்னும் புனைபெயர் கொண்ட செ. செபமாலையும் முருங்கன் முத்தமிழ்க் கலாமன்றத்தினரும், வெளியிலிருந்து எவரும் வரும்வரை காத்திராது, நாடகம் எழுதியும் பழக்கியும் மேடையேற்றியும் வந்துள்ளனர். நமது ஆய்வுகளில் இத்தகையோர் ‘தகவலாளர்’ என்ற தகுதியையே பெறுகின்றனர். அவர்கள் ஆசிரியர் என்ற தகுதிக்கு உரியவர்கள்.

எனவே செய்யத்தக்கவை தெளிவானவை. அச்சேறிய மாதோட்ட நாடகங்கள், அவற்றைத் தந்த ஊர்களின் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் திரும்பிச் செல்லுதல் வேண்டும். மெட்டறிந்த முதியோர் உள்ளபோதே அவர்களது குரல் பதிவாதல் வேண்டும். அப்பதிவின் ஒரு பிரதி ஊரிலேயே இருத்தல் வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பை ஊரின் இளைஞரும் யுவதியரும் ஏற்றல் வேண்டும். கத்தோலிக்கர், சைவர், முஸ்லிம்கள் ஆகிய மூவரது வாசிப்பு மரபுகளும் ஒருங்கே கற்கப்படல் வேண்டும்.

எழுத்தறியாதாருக்கு எழுத்தைக் கொடுத்தல் நல்லது. அவரிடம் முன்பே இருந்த சொல்லைப் பறிக்காது கொடுத்தல் அதனினும் நல்லது. எழுதத் தெரியாத அண்ணாவியாரின் முன் எழுதத் தெரிந்த நாம் மாணவராக அமரும் நாளிலேயே, மக்கள் கல்வி என்னும் தொடர் பொருளுடையதாகும்.