கைக்குள் ஒரு கண்ணாடிக் குழாய்

பிரசவ வார்டில் எனக்குப் பிடித்த கருவி, வெறும் கண்ணாடிக் குழாய். ரத்தப்போக்கு நிற்காத தாயிடம் 2 மில்லி ரத்தம் எடுத்து அதில் விட்டு, நர்ஸ் கைக்குள் மூடிப் பிடித்துக்கொள்வார். உள்ளங்கைச் சூடு போதும். 4 நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பார், பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை. கவிழ்த்தாலும் சிந்தாமல் கட்டி நின்றால் நிம்மதி. 7 நிமிடமாகியும் உறையவில்லை, அல்லது கட்டி லேசாகவே உடைகிறது என்றால் ஆபத்து.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. நஞ்சு பிரியும் நேரத்துக்காக ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனை முன்பே ஏற்றி வைக்கிறது: வழக்கமாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம், நிறைமாதத்தில் 4 முதல் 6. அதனால், மற்றவர்களுக்கு நார்மலான 2 கிராம், ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அபாய அளவு. லேப் ரிப்போர்ட் அதைச் சொல்ல நேரமாகும். குழாய் அதற்குள் சொல்லிவிடும்.