எளிய எச்டிஎம்எல் எடிட்டர் யாருக்கு எளிது? – கொம்போசரை முன்வைத்து

காசு செலவில்லாமல், எளிதாக வலைப்பக்கம் செய்ய எந்த எடிட்டர் நல்லது? ஊர்ப்பெயர், நடுகல், கோயில் குறிப்பு என்று சேர்த்து வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், நிரல் எழுதத் தெரியாதவர்கள். தேடிப் பார்த்துவிட்டு "கொம்போசர்னு ஒண்ணு இருக்காமே, நல்லதா?" என்பார்கள். பெயர் இன்னும் பட்டியல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இதன் வம்சாவளி கொஞ்சம் நீளம். 1997-இல் நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரோடு வந்த கம்போசர்தான் மூதாதை. அது மொசில்லாவுக்குப் போனது. அதை எடுத்து டேனியல் கிளாஸ்மான் என்பவர் லின்ஸ்பயர் நிறுவனத்தின் பணத்தில் 'என்வியூ' செய்தார்; 1.0 பதிப்பு 2005-இல் வந்தது. என்வியூ நின்றுபோனதும் அதன் பிழைகளைத் திருத்தி வேறு சிலர் கொடுத்ததுதான் கொம்போசர். 0.7.10 பதிப்பு 2007-இல் வந்தது. 2010-இல் 0.8-இன் சோதனைப் பதிப்பு. அதோடு சரி.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேர்டில் தட்டுவதுபோலத் தட்டலாம். அட்டவணையை இழுத்துப் பெரிதாக்கலாம். சர்வருக்கு ஏற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய கணினியிலும் ஓடும். முதல் அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் தயார். இந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் எல்லோரும் 'எளிது' என்று மதிப்பெண் போடுகிறார்கள். என் சண்டை இதோடுதான்.

சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 குறியேற்றத்தில் பக்கம் இருந்தால், அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. அதனால் எடிட்டர் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றி எழுதிவிடும். 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் இப்படி இருக்கும்:

&#2980;&#2990;&#3007;&#2996;&#3021;

யூடிஎஃப்-8-இல் 15 பைட் எடுக்கும் சொல் இங்கே 35 பைட். இடம் போனால் போகட்டும், இன்றைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. பிரவுசரிலும் சரியாகத் தெரியும், கூகுளுக்கும் புரியும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. மாட்டிக்கொள்வது எழுதியவர்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர், தன் வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் பற்றி அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்கள் இப்படிச் செய்து வைத்திருந்தார், ஏதோ ஒரு பழைய எடிட்டரில். 'பட்டி' என்று முடிகிற ஊர்களையெல்லாம் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோப்புகளுக்குள் தேடினால் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்காது, ஏனென்றால் 'பட்டி' என்ற சொல்லே அந்தக் கோப்புகளில் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஒரு கால் விட்டுப்போனதைச் சேர்க்கவும் எண் தெரிய வேண்டும். வேறு எடிட்டருக்குப் போகவும் முடியவில்லை. பத்து வருட உழைப்பு, பாவம், கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை.

கொம்போசரில் இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. பக்கத்தின் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 ஆக்கலாம்; சிறப்பு எழுத்துகளை எப்படி எழுத வேண்டும் என்ற அமைப்பையும் மாற்றலாம். ஆனால் அந்த அமைப்பைத் தேடிப்போய் மாற்றத் தெரிந்தவருக்கு இந்த எடிட்டரே தேவையில்லையே! தெரியாதவருக்காகச் செய்த கருவி, தெரிந்தவர் மட்டும் தப்பிக்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு குறை: நீங்கள் கையால் அழகாக வரிசைப்படுத்தி எழுதிய மூலத்தை அது தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கும். தவிர, கொம்போசர் நின்றது 2010-இல். எச்டிஎம்எல்5 முறையான பரிந்துரையாக வந்தது 2014-இல். பிறகு வந்த டேக் எதுவும் அதற்குத் தெரியாது. வேர்டில் எழுதி வலைப்பக்கமாகச் சேமிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு பத்தி எழுதினால் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கணக்குக்கு ஒரு பக்கம் எழுதிவிடும்.

சரி, வேறென்ன? விண்டோஸ் என்றால் நோட்பேட்++. 2003-இலிருந்து வருகிறது, இலவசம், இன்றும் பராமரிக்கிறார்கள். லினக்ஸ் என்றால் ஜீனி போதும். டேக் கற்க வேண்டுமே என்பார்கள். தலைப்பு, பத்தி, இணைப்பு, படம், பட்டியல், அட்டவணை – ஊர் வரலாறு எழுத ஒரு பதினைந்து டேக் தாண்டாது. அவற்றை எழுதி வைத்த மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால், நகலெடுத்து நிரப்ப வேண்டியதுதான். இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது ஒரு பாரமே இல்லை, நான் பார்த்தவரை.

விஎஸ் கோட் நல்ல கருவிதான், ஆனால் நம்ம ஆசிரியருக்கு அது விமான ஓட்டி அறை. அதில் ஆச்சரியக்குறி போட்டு டேப் அடித்தால் பக்கத்தின் எலும்புக்கூடு வந்துவிடும்; கூடவே பக்கம் ஆங்கிலம் என்ற அறிவிப்பும் வரும். அதைத் தமிழ் என்று மாற்றாவிட்டால் பார்வையற்றவர்களுக்கான வாசிப்பு மென்பொருள் ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும். சாதாரண நோட்பேடும் 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் யூடிஎஃப்-8-ஐ இயல்பாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தையது என்றால் கவனம்: ஆன்சி என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். எண்ணையாவது மீட்கலாம், கேள்விக்குறியை மீட்க முடியாது.

ஏற்கெனவே எண்களில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு. மாற்றித்தரும் நிரல் பைத்தானில் பத்து வரிதான். ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றாதீர்கள். டேக் குறிகளுக்கான குறியீடுகளும் சேர்ந்து மாறினால் பக்கம் உடையும். தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கியது 2944 முதல் 3071 வரை. அந்த எண்களை மட்டும் மாற்றி, யூடிஎஃப்-8-இல் சேமித்து, தலைப்பகுதியில் ஐஎஸ்ஓ 8859-1 என்றிருக்கும் வரியையும் யூடிஎஃப்-8 என்று திருத்துங்கள். பழைய கோப்புகளை முதலில் வேறு ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள்.