நீர்ப்பீச்சியும் பேரிங்கும்: மலைச் சைக்கிள் கழுவும் முறை பற்றிய திறனாய்வு

மலைச் சைக்கிளை உயர் அழுத்த நீர்ப்பீச்சியால் கழுவுவது, மழையும் சேறும் மிகுந்த பிரிட்டனில் வேரூன்றிவிட்ட வழக்கம். வேல்ஸின் கோய்ட் இ பிரெனின், ஸ்காட்லாந்தின் கிளென்ட்ரெஸ் போன்ற காட்டுப்பாதை மையங்களில் சைக்கிள் கழுவுவதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2002இல் முதன்முறையாக உலகக் கோப்பை மலைச்சரிவுப் பந்தயம் நடந்த ஃபோர்ட் வில்லியம் போன்ற களங்களில், அணி மெக்கானிக்குகள் சேறு படிந்த வண்டியை நீர்ப்பீச்சியால் அடித்துக் கழுவி அடுத்த ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள். சில நிமிடங்களில் வண்டி பளபளக்கிறது. ஆனால் இந்த முறை நல்லதா கெட்டதா என்பதை அந்தப் பளபளப்பு சொல்லாது. சட்டகத்துக்குள் மறைந்திருக்கும் பேரிங்குகளின் நிலைதான் சொல்லும்.

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஒரு வண்டியில் ஹேண்டில்பார்த் தண்டு, பெடல் அச்சு, இரு சக்கரங்களின் ஹப்புகள், பெடல்கள், பின் சஸ்பென்ஷனின் கீல் மூட்டுகள் என எல்லாவற்றையும் சேர்த்தால் பேரிங்குகளின் எண்ணிக்கை இருபதை எளிதில் எட்டும். பேரிங்கில் இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருள்கின்றன. இடைவெளியில் கிரீஸ் நிற்கிறது. இருபுறமும் மெல்லிய ரப்பர் சீல் மூடுகிறது. குண்டுகளும் வளையங்களும் பெரும்பாலும் சுமார் 1 விழுக்காடு கரிமமும் 1.5 விழுக்காடு குரோமியமும் கலந்த எஃகால் ஆனவை. இந்த எஃகு மிகக் கடினமானது. ஆனால் துருவைத் தடுக்கும் அளவுக்கு இதில் குரோமியம் இல்லை. துருப்பிடிக்காத எஃகுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தேவை. ஆகவே பேரிங்கைத் துருவிலிருந்து காப்பவை கிரீஸும் சீலும் மட்டுமே.

கிரீஸைக் காப்பது இந்த விளையாட்டோடு கூடப் பிறந்த கவலை. 1976இல் கலிஃபோர்னியாவின் மாரின் கவுன்டியில் தொடங்கிய ரீபேக் பந்தயத்தில், பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக்குகள் செங்குத்தான இறக்கத்தில் கொதித்து ஹப்பிலிருந்த கிரீஸை எரித்துவிடும். ஓட்டம் முடிந்ததும் புதிய கிரீஸ் அடைத்தாக வேண்டும். இன்று டிஸ்க் பிரேக் வெப்பத்தை ஹப்பின் உட்பகுதியிலிருந்து விலக்கிவிட்டது. இப்போது கிரீஸுக்கு முதல் எதிரி தண்ணீர்.

கழுவுவதன் நன்மைகளை முதலில் எடைபோட வேண்டும். சீலின் விளிம்பில் ஒட்டிய மணல் சக்கரம் சுழலும்போதெல்லாம் ரப்பரைத் தேய்க்கிறது. மூட்டுகளில் காய்ந்த சேறு ஈரத்தைப் பல நாள் பிடித்து வைக்கிறது. செயினில் சேர்ந்த மண், எண்ணெயோடு கலந்து பற்சக்கரங்களை அரைக்கிறது. சட்டகத்தின் விரிசல் கழுவிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இவற்றோடு காட்டின் நலனும் இருக்கிறது. மாரின் கவுன்டியின் ஓக் மரங்களைக் கொன்ற ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்னும் நோய்க்கிருமி, 2009இல் இங்கிலாந்தின் ஜப்பானிய லார்ச் மரங்களிலும் கண்டறியப்பட்டது. டயரில் ஒட்டிய சேறு அதன் வித்துகளை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குச் சுமந்து செல்லக்கூடும். ஆகவே தண்ணீருக்கு அஞ்சி வண்டியைக் கழுவாமலே விடுவது தீர்வாகாது. சேறு ஈரமாக இருக்கும்போதே விரைவாக நீக்குவதில் நீர்ப்பீச்சிக்கு ஈடான கருவி இல்லை.

குறைகள் நான்கு வழிகளில் வருகின்றன. முதலாவது அழுத்தம். வீட்டுக் குழாயில் வரும் நீரின் அழுத்தம் சில பார் அளவே. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் காணும் வகை நீர்ப்பீச்சி 100 பாரைத் தாண்டும். பேரிங் சீல், தூசியையும் தெறிக்கும் நீரையும் தடுக்கச் செய்யப்பட்டது. அருகிலிருந்து பக்கவாட்டில் பாயும் நீர் அந்த ரப்பர் விளிம்பை வளைத்து உள்ளே புகுந்துவிடும். இரண்டாவது வெப்ப வேறுபாடு. ஓட்டத்தில் சூடான பாகத்தின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலைச் சுற்றி நிற்கும் நீரை உள்ளே இழுக்கும். மூன்றாவது சோப்பும் கொழுப்பு நீக்கியும். இவை நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், வெறும் நீர் நுழையாத இடுக்கிலும் சோப்பு நீர் நுழைகிறது. போன இடத்தில் கிரீஸையும் கரைக்கிறது. நான்காவது, மிகக் கொடியது, உள்ளே தங்கும் ஈரம். நீரை உள்ளே விட்ட சீல், அதை வெளியே விடுவதில்லை.

கீல் மூட்டுகள் இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றன. ஹப் பேரிங் முழுச் சுற்றாகச் சுழல்வதால் கிரீஸ் எல்லா இடத்துக்கும் பரவும். கீல் மூட்டிலுள்ள குண்டோ சிறு கோணத்துக்குள் முன்னும் பின்னும் அசைகிறது. கிரீஸ் விலகிய இடத்துக்கு அது திரும்பி வருவதில்லை. அதே புள்ளியில் சுமை மீண்டும் மீண்டும் இறங்க, அங்கே ஈரமும் சேர்ந்தால் வளையத்தில் துருக்குழிகள் விழுகின்றன.

பந்தய அணிகளைப் பார்த்து இந்த முறையைப் பின்பற்றுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அணி மெக்கானிக் கழுவுவதோடு நிறுத்துவதில்லை. வண்டியைப் பிரித்து, துடைத்து, கிரீஸ் வைக்கிறார். ஐயமுள்ள பேரிங்கைக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்துகிறார். நீர்ப்பீச்சி அங்கே ஒரு முழுப் பராமரிப்பின் முதல் பகுதி. தனி ஓட்டுநர் அந்த முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் அதே முறை அவரிடம் கேடாக மாறுகிறது.

வாளி, தூரிகை, தாழ்ந்த அழுத்தக் குழாய் என்ற பழைய முறை பேரிங்குக்குப் பாதுகாப்பானது. கை எல்லா இடத்தையும் தொடுவதால் தளர்ந்த போல்ட்டும் ஆட்டம் கொடுக்கும் மூட்டும் கழுவும்போதே பிடிபடும். ஆனால் இதிலும் குறைகள் உண்டு. நேரம் பிடிப்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். மண் ஏறிய தூரிகை வண்ணப்பூச்சைக் கீறும். செயினுக்கும் டிஸ்க்குக்கும் ஒரே துணியைப் பயன்படுத்தினால் எண்ணெய் பட்டு பிரேக் பிடிக்காமல் போகும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திக் கழுவினால், ஹேண்டில்பார்த் தண்டின் கீழ்ப் பேரிங்குக்குள் நீர் இறங்க வழி கிடைக்கும். சட்டகத்தை முதலில், செயினைக் கடைசியில், தனித் தூரிகையால் கழுவுவதும், பிறகு வண்டியைத் தரையில் தட்டி நீரை உதிர்த்துத் துணியால் துடைப்பதும் இக்குறைகளைப் பெரிதும் போக்கும். வறண்ட பாதையில் ஓட்டிய வண்டிக்கு உலர்ந்த தூரிகையே போதும்.

எந்த முறையில் கழுவினாலும் பேரிங் சோதனை அதோடு சேர்ந்தே வர வேண்டும். சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுழற்றினால் கரகரப்பு கையில் தெரியும். பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியும். முன் சக்கரம் வாரியடிக்கும் நீரை நேராக வாங்கும் கீழ்த் தண்டுப் பேரிங்கை, ஃபோர்க்கை இறக்கினாலே எடுத்துத் துடைத்துக் கிரீஸ் வைக்கலாம். கப், கோன், தனிக் குண்டுகள் கொண்ட ஷிமானோ வகை ஹப்புகளைப் பிரித்துக் கழுவி மீண்டும் பொருத்தலாம். மூடிய பேரிங்கின் சீலை மெல்லிய கத்தி முனையால் நெம்பி எடுத்து, பழைய கிரீஸை அகற்றி, நீரில் எளிதில் கரைந்து போகாத கிரீஸை நிரப்பலாம். வேகச் சுழற்சி இல்லாத கீல் மூட்டில் இடைவெளியை ஏறக்குறைய முழுவதும் நிரப்புவதே நல்லது. சான்டா குரூஸ் நிறுவன வண்டிகள் சிலவற்றின் கீழ் இணைப்பில் கிரீஸ் துளை இருக்கிறது. அதன் வழியே செலுத்தும் புதிய கிரீஸ், பழையதையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. எல்லா வண்டிகளிலும் இருக்க வேண்டிய அமைப்பு இது.

கிரீஸ் வைப்பதற்கும் எல்லை உண்டு. வளையத்தில் குழி விழுந்த பேரிங்கில் புதிய கிரீஸ் கரகரப்பைச் சில நாள் மறைக்குமே தவிர, குழியை ஆற்றாது. அதை மாற்றத்தான் வேண்டும். புதியதைச் சட்டகத்துக்குள் அழுத்தும்போது விசை வெளி வளையத்தின்மேல் மட்டுமே விழ வேண்டும். உள் வளையத்தைச் சுத்தியலால் தட்டினால் அடி குண்டுகள் வழியே பாய்ந்து, பயன்படுத்தும் முன்பே பேரிங் கெட்டுவிடும்.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால், நீர்ப்பீச்சியை முற்றாக விலக்க வேண்டியதில்லை. டயர், சக்கர விளிம்பு, சட்டகத்தின் அடிப்பகுதி ஆகியவற்றில் தள்ளி நின்று அடிப்பது பயனுள்ளது. ஹப், பெடல் அச்சு, தண்டு, கீல் மூட்டு, ஃபோர்க் சீல் ஆகியவற்றை நோக்கி அதைத் திருப்புவது தவறு. மின் மோட்டார் பொருத்திய சைக்கிள்களில் அதை அறவே தவிர்க்க வேண்டும். பாஷ் நிறுவனமும் தன் மோட்டார்களை அழுத்த நீரால் கழுவக் கூடாது என்றே அறிவுறுத்துகிறது. பிரித்துக் கிரீஸ் வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு நீர்ப்பீச்சி நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி. அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு வாளியும் தூரிகையுமே தகுந்தவை.