லேபிளில் இல்லாத பெயர்

1993ஆம் ஆண்டு ஷத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட் ஒயினின் லேபிளுக்கு பால்தூஸ் ஒரு நிர்வாணச் சிறுமியை வரைந்து கொடுத்தார். அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சந்தைக்கு மட்டும் படத்தை எடுத்துவிட்டு, இடத்தைக் காலியாகவே விட்டு அச்சடித்து அனுப்பினார்கள். இப்போது சேகரிப்பாளர்கள் இரண்டையும் தேடி வாங்குகிறார்கள். காலி இடத்துக்கும் விலை வைக்கத் தெரிந்த குடும்பம்!

1945 முதல், அநேகமாக எல்லா ஆண்டும், ஓர் ஓவியரை அழைத்து லேபிளின் மேற்பகுதியில் வரையச் சொல்வது அந்தத் தோட்டத்தின் வழக்கம். பிராக், தாலி, மிரோ, ஷகால், வார்ஹால், பிரான்சிஸ் பேகன். 2009க்கு பம்பாயில் பிறந்த அனிஷ் கபூர். கூலி ஒயினாகத்தான். இந்த வரிசையை ஒரு குடும்பம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட வரலாறாக வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். எல்லாத் தன்வரலாறுகளையும் போல இதிலும் விட்ட இடங்கள் உண்டு.

பெயரைத் தமிழில் எழுதினாலே சிரிப்பு வருகிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் செம்மறி என்று பொருள், நமக்கோ மூத்தவன். ஆனால் மூத்தோனுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். போர்தோ பகுதியின் போயாக்கில் இருக்கும் இந்தத் தோட்டத்தை 1853இல் நத்தானியேல் த ரோத்ஷீல்ட் வாங்கினார். இரண்டே வருடத்தில், பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் விலையை வைத்துப் போட்ட 1855 தரவரிசையில் அது இரண்டாம் தரம் ஆனது. முதல் தரத்தில் இருந்த நான்கில் ஒன்று பக்கத்துத் தோட்டமான லஃபீத். 1868இல் அதை வாங்கியது ரோத்ஷீல்ட் குடும்பத்தின் இன்னொரு கிளை. பங்காளி வீடு முதல் தரம், நம் வீடு இரண்டாம் தரம் என்றால் தூக்கம் வருமா?

தூங்காதவர் பரோன் ஃபிலிப். 1922இல், 20 வயதில் பொறுப்பேற்றார். ஆங்கிலக் கவிதைகளையும் நாடகங்களையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர், அதனால் நம்ம ஆள் என்றே சொல்லலாம். அதுவரை ஒயின் பீப்பாயில் நகரத்து வியாபாரிகளிடம் போகும், அவர்கள்தான் பாட்டிலில் அடைப்பார்கள். 1924 முதல் எல்லாவற்றையும் தோட்டத்திலேயே அடைக்கச் செய்தார் ஃபிலிப். பதிப்பாளரை நம்பிக் கிடந்த எழுத்தாளர் தானே அச்சகம் வைத்த மாதிரி. பிறகு தரவரிசையோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார். 1973இல் வேளாண் அமைச்சராக இருந்த ழாக் ஷிராக் கையெழுத்துப் போட, மூத்தோன் முதல் தரம் ஆனது. அந்தப் பட்டியலில் அப்படி மேலே ஏறியது இது ஒன்றுதான். அந்த ஆண்டின் லேபிளில், அதே ஆண்டு இறந்த பிக்காசோவின் ஓவியம். உள்ளே இருந்த ஒயின் சுமார்தான் என்பது குடித்தவர்கள் பேச்சு.

எல்லோரும் கொண்டாடும் லேபிள் 1945. இளைஞரான ஃபிலிப் ஜூலியன் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தை வரைந்தார், 'வெற்றியின் ஆண்டு' என்று அச்சடித்தார்கள். நூற்றாண்டின் மகத்தான ஒயின்களில் ஒன்று என்று பெயர் வாங்கியதால், அந்த 'வி' இன்றும் ஏலப் பட்டியல்களில் வலம்வருகிறது.

அதே 1945 மார்ச்சில் ஃபிலிப்பின் மனைவி எலிசபெத், ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்துபோனார். ஃபிலிப் தப்பித்து த கோலின் படையில் சேர்ந்திருந்தார். பிரான்ஸிலேயே இருந்த எலிசபெத்தைக் கெஸ்டபோ பிடித்துக்கொண்டு போனது. போருக்கு முன்பே அவர்கள் மணவாழ்க்கை கசந்துவிட்டது என்பது உண்மை. அதற்காக? அவர் இறந்து ஆறேழு மாதத்தில் பறித்த திராட்சைக்கு வெற்றி என்று பெயர் வைத்தார்கள். நாட்டுக்கு அது வெற்றிதான், மறுக்கவில்லை. அந்த வீட்டுக்கு? லேபிள் வீட்டின் குரலில் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு நாட்டின் குரலில் பேசிவிட்டது என்பதே என் குறை. அந்தப் பாட்டிலின் பெருமையில் பாதி இந்தக் குரல் மாற்றத்தால் வந்தது.

ஒயின் பாட்டிலில் யாராவது இழவுச் செய்தி அச்சடிப்பார்களா என்று கேட்கலாம். அச்சடித்திருக்கிறார்கள். 1988இல் ஃபிலிப் இறந்த பிறகு தோட்டத்தை நடத்தியவர் மகள் ஃபிலிப்பீன், அதற்குமுன் நாடக நடிகை. அவர் 2014 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆண்டு லேபிளில் டேவிட் ஹாக்னி இரண்டு கோப்பைகளை வரைந்து, ஃபிலிப்பீனுக்கு அஞ்சலி என்று எழுதினார். எளிமையான, அழகான லேபிள்.

1945 மார்ச்சில் ஃபிலிப்பீனுக்கு வயது 11.